கொளுத்தலாம், தைக்கக் கூடாது

ஆம்பூரில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்த ஃபேக்டரியில் தோல் ஜாக்கெட் தைத்தோம். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்த ஒரே ஒரு ஆளைக்கூட நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. இங்கே அடிக்கிற வெயிலில் பருத்தி ரவிக்கையே முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தோலை மாட்டிக்கொண்டு எவன் போவான்? அதெல்லாம் கடல் தாண்டிப் போகிற சரக்கு. எங்களுக்கு வந்து சேர்ந்தது அதன் மிச்சம் மட்டும்தான். அந்த மிச்சத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதிகம் யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, என் மேலும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். ப்ளஸ் டூ முடித்திருந்ததால் தையலுக்குப் போடாமல் செக்கிங்கில் போட்டார்கள். ட்யூப் லைட் வரிசைக்குக் கீழே நீளமான மேஜை. தைத்து முடித்த ஜாக்கெட்டை விரித்துப் போட்டு, காலர், கை, முதுகு என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். தையல் தாண்டியிருந்தால் பரவாயில்லை, அதே ஓட்டையில் திரும்பத் தைத்துவிடுவார்கள். தோலிலேயே குறை இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆடு உயிரோடு இருந்த காலத்தில் முள்வேலியில் உரசின கோடு, உண்ணி கடித்த புள்ளி, இதெல்லாம் பதனிட்டுச் சாயம் ஏற்றின பிறகும் சில சமயம் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், அதுவும் பழகின கண்ணுக்கு. தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். கடி வாங்கினது ஆடு, ஜாக்கெட் என்ன பாவம் செய்தது என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். பையருக்குப் பிடிக்காது என்றார்கள். பையர் என்றால் ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி. அந்த ஒரு சொல்லை வைத்து எங்கள் ஃபேக்டரியில் எந்தக் கேள்வியையும் மூடிவிடலாம்.

எங்கள் வீட்டில் துணியைத் தூக்கிப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு புதுப் புடவை வரும். கோயிலுக்குக் கட்டின போன வருடத்துப் புடவை வீட்டுக்கு இறங்கும். அதற்கு முந்தினது தலையணை உறையாகும், பிறகு கரித்துணி, கடைசியில் சைக்கிள் துடைக்கிற துணி. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லாத வீட்டில் அப்படித்தான் நடக்கும். ஆனால் அப்படி வளர்ந்த ஒருத்தியின் கையில் சிவப்பு ஸ்டிக்கரைக் கொடுத்தால் அவளுக்கு உள்ளே என்னவோ செய்யும். சேர்ந்த முதல் வாரமே, ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் எங்கே போகிறது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். வெட்டிவிடுவார்கள் என்றாள்.

கடைக்கோடி அறையில் ஒரு பலகை மேல் கைப்பிடி வைத்த பெரிய வெட்டுக்கத்தி இருந்தது. ஜாக்கெட்டுக்கு அட்டை வைத்து அளவெடுத்து வெட்டின பிறகு மிஞ்சுகிற துண்டுகளும் சிவப்பு ஸ்டிக்கர் ஜாக்கெட்டுகளும் அங்கேதான் போகும். சுவரில் ஒரு ப்ளைவுட் பலகை மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு கை வரைந்திருந்தது. மேனேஜர் தன் வலது கையை வைத்துத் தானே பென்சிலால் சுற்றி வரைந்தது. அந்தக் கையைவிடப் பெரிதாக எந்தத் துண்டும் கேட்டுக்கு வெளியே போகக் கூடாது, பெரிதாக இருந்தால் வெட்டித்தான் அனுப்ப வேண்டும். கம்பெனியின் தோல், கம்பெனியின் கலர், அது பஜாரில் வேறு யார் கையிலும் தெரியக் கூடாது என்பது பையர் போட்ட கண்டிஷன். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டால் அது தோல் இல்லை, குப்பை.

அந்தக் குப்பைதான் எங்களுக்குச் சலுகை. சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடியும்போது முறை வைத்து ஆளுக்கொரு சாக்கு கொடுப்பார்கள். என் முறை வந்தால் நான் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எதற்கென்றால் வெந்நீர் அடுப்புக்கு. எங்கள் வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்று. எட்டு வீட்டுக்கும் சேர்த்துப் பின்கட்டு ஒன்று. அங்கே ஆளுக்கொரு மூன்று கல் அடுப்பு, மேலே கரி பிடித்த அண்டா. விறகு வாங்குகிற வேலை இல்லை. தோல் நின்று எரியும், ஒரு கைப்பிடி போட்டால் போதும். முடி கருகுகிற நாற்றம் மட்டும் வரும். அதை நாங்கள் ஒரு நாற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் தெருவில் நுழைந்தால் அந்த நாற்றம் வரும், அவ்வளவுதான்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவர், நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோனார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைத்து என்னைப் படிக்க வைத்தார்கள். நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் போதும், வீட்டில் இரு என்றேன். என் சம்பளத்தில் முதலில் வாங்கினது கேஸ் கனெக்‌ஷன். லைனில் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் சிலிண்டர் வந்தது. அம்மா அந்த அடுப்பை மூன்று வேளையும் துடைப்பார்கள், விருந்தாளி வந்தால் சமையலறையைக் காட்டாமல் விடமாட்டார்கள். நான் கொண்டுவருகிற சாக்கைப் பார்த்தாலும் அவர்களுக்கு அதே சந்தோஷம். என் பொண்ணு வேலைக்குப் போனதிலிருந்து ஒரு குச்சி விறகு வாங்கல என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

ஃபேக்டரியில் தையல் பக்கம் என்னோடு சிநேகமாக இருந்தவள் ஒருத்தி. மேல்விஷாரத்தில் பிறந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மாதிரி தோலில் தைக்க அந்த ஃபேக்டரியிலேயே ஆள் கிடையாது. தோலில் ஊசி ஒருதரம் இறங்கினால் ஓட்டை விழுந்தது விழுந்ததுதான், துணி மாதிரி பிரித்துத் தைத்து மறைக்க முடியாது. அவளுக்குப் பிரிக்கிற வேலையே வராது. சனிக்கிழமை மூட்டையை அவளும் எடுத்துப் போவாள், ஆனால் எரிக்கமாட்டாள். உட்கார்ந்து கலர் கலராகப் பிரித்து வைப்பாள். ஒரு திங்கட்கிழமை அவள் ஒரு பை கொண்டுவந்தாள். உள்ளங்கை அளவுத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த கடைப் பை. மெரூன், கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, நடுநடுவே கறுப்பு. லைனிங் ஒரு பழைய புடவை. பத்து கிலோ அரிசி போட்டாலும் தாங்கும். சாப்பாட்டு நேரத்தில் அது கை மாறிக் கை மாறிப் போனது. எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எல்லாரும் கேட்டார்கள்.

என் புத்தி அங்கேதான் வேலை செய்ய ஆரம்பித்தது. எங்கள் கோயில் மாதர் சங்கத்தில் சும்மா இருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர், தையல் தெரிந்தவர்கள். மூட்டைகளை அவர்களிடம் கொடுத்தால் பையும் பர்ஸும் கண்ணாடிக் கூடும் தைக்கலாம். எரிக்கிறதற்குப் பதில் பத்து வருடம் உழைக்கிற ஒரு சாமான். யாருக்கு என்ன நஷ்டம்? பை தைத்தவள் வேண்டாம் என்றாள். சத்தம் போடாமல் வீட்டில் தைத்து அக்கம்பக்கத்தில் கொடுப்போம், போதும் என்றாள். நான் கேட்கவில்லை. எதையும் முறையாகச் செய்ய வேண்டும், ஒளித்து மறைத்துச் செய்ய நாம் என்ன திருடினோமா என்று பெரிதாகப் பேசினேன். பையை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். யார் தைத்தது, நல்ல கை என்றார். பை என்னிடமே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். நான் கால் தரையில் படாமல் என் மேஜைக்குத் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து பையரின் ஆள் ஒருவர் சென்னையிலிருந்து வந்து போனார். மறுநாள் ப்ளைவுட் பலகையில் இருந்த கையைத் தேய்த்து அழித்திருந்தார்கள். அந்த இடத்தில் மூன்று விரல் மட்டும் வரைந்திருந்தது. இனிமேல் மூன்று விரல் அகலத்துக்கு மேல் ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் கொண்டுபோன பை அவர் மேஜை மேல் இருந்தது. பையர் கலரெல்லாம் இதில் இருக்கிறது, வருகிற சீஸன் கலர்கூட இருக்கிறது, வெளியே எங்காவது படம் பிடித்துப் போட்டால் ஆர்டர் போய்விடும் என்றார். ஆர்டர் போனால் எத்தனை குடும்பம் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். அப்படியென்றால் மூட்டையே கொடுக்காதீர்கள் என்று நான் வீம்புக்குச் சொன்னேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"கொளுத்துறதுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா, யாரும் இன்னான்னு கேக்கப் போறதில்ல. தைக்கிறதுக்கு மட்டும் தர முடியாது."

பிறகு அந்தப் பையை என்னிடமே கொடுத்து வெட்டச் சொன்னார். கடைக்கோடி அறைக்குப் போய் வெட்டினேன். அவள் போட்ட தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. கத்தி தோலை வெட்டினது, நூல் பிடித்த பிடியை விடவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வெளியே வந்தால் அவள் நின்றுகொண்டிருந்தாள். உன்னை யார் காட்டச் சொன்னது, தோஸ்த் என்று நம்பித்தானே கொடுத்தேன், இப்போது எல்லாருக்கும் பேஜார் என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பேசாமல் இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு மாதம் நாலு பை தைத்திருப்பாள். நான் முறை, அனுமதி என்று போய்க் கெடுத்தேன். அதற்கப்புறம் அவள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. தண்டனையோ என்னவோ, செக்கிங் வேலை குறைவாக இருக்கிற நாளில் வெட்டுக்கத்தி வேலையும் எனக்கே வந்தது.

மூன்று விரல் துண்டில் எதையும் தைக்க முடியாது. ஆனால் அது சீக்கிரம் பற்றும். அம்மா அதைச் சொன்னார்கள், இப்ப வர்றது ரொம்ப நல்லா எரியுது, ஊதவே வேணாம் என்று.

அம்மாவுக்கு இருமல் எப்போது தொடங்கினது என்று யோசித்தால் சரியாகப் பிடிபடவில்லை. முதலில் மழைக்காலத்து இருமல் என்றோம். பிறகு வெயிலிலும் நிற்கவில்லை. கோயிலில் பாட்டுப் பாடும்போது இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கும், வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆம்பூரில் கொடுத்த டானிக்கும் மாத்திரையும் கேட்காமல் வேலூருக்குக் கூட்டிப்போனேன். முன்சீட்டில் உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்து விட்டு, மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் வருவோம். அங்கே இருந்த டாக்டர் மலையாளி, சின்ன வயது, பொறுமையாகப் பேசுவார். முதல் நாளே எல்லாம் கேட்டார். வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா? இல்லை. நீங்கள் டேனரியில் வேலை செய்தீர்களா? இல்லை, இவங்க அப்பாதான். எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள்?

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "கேஸ் சார்" என்றார்கள். "ஆறேழு வருஷமா கேஸ்தான்."

நானும் தலையாட்டினேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அவர் கேட்டதில் பிழையில்லை, நாங்கள் பொய்யும் சொல்லவில்லை. அடுப்பு என்றால் எங்களுக்குச் சமைக்கிற அடுப்புதான். பின்கட்டில் இருந்த மூன்று கல்லை எங்கள் லைனில் ஒருத்தரும் கணக்கில் சேர்த்ததில்லை. அது வெந்நீர் போடுகிற இடம். அதை ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடினது. இழுக்கிற மருந்து, விழுங்குகிற மருந்து, ஊதிப் பார்க்கிற டெஸ்ட். ஒவ்வொரு முறையும் டாக்டர் அந்தச் சீட்டைப் புரட்டுவார், கேஸ் அடுப்பு என்று எழுதியிருப்பதைப் பார்ப்பார், குழம்புவார். பரம்பரையாக யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று மறுபடி கேட்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்டாவுக்கு அடியில் தீ மூட்டப் போவார்கள். அந்தச் சாம்பலை எடுத்து வைத்துப் பாத்திரமும் தேய்ப்பார்கள். மிஞ்சினதைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுவார்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும், ஒரு பெரிய ஆர்டர் பாதியில் நின்றது. தைத்துப் பெட்டி போட்ட ஜாக்கெட்டுகள். ஒன்றிலும் குறை இல்லை. ஒவ்வொன்றையும் நான்தான் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். பையர் நாட்டில் அந்த வருடம் குளிர் குறைவு, கடைகளில் போன வருடத்துச் சரக்கே கிடக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வேறு யாருக்கும் விற்கக் கூடாது, லேபிள் இருக்கிறது. லேபிளைப் பிய்த்துவிட்டு இங்கே ஊட்டி, ஏலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்காவது கொடுக்கலாமே என்றேன். ஏலகிரியில் ஏதும்மா தேயிலை என்று மேனேஜர் சிரித்தார். எனக்குக் கோபத்தில் இடம்கூடச் சரியாக வரவில்லை. மலையில் குளிருகிற யாராவது என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, வெட்டிடும்மா என்றார்.

நாலு நாள் வெட்டினோம். முதலில் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு, பிறகு கத்தியால் மேலிருந்து கீழே ஒரு கிழி, பிறகு மூன்று விரல். பட்டன், ஜிப், உள்ளே வைத்த பாலியஸ்டர் துணி எல்லாம் சேர்த்துத்தான். ஒரு தோல் ஜாக்கெட்டுக்கு எத்தனை ஆடு, அதைப் பதனிட எத்தனை தொட்டித் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். பாலாற்று ஓரத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது. டேனரிக் கழிவு இறங்கி எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகாமல் போனதே இதற்காகத்தான். தண்ணீரைக் கெடுத்து, தோலைப் பதனிட்டு, தைத்து, பார்த்து, பாஸ் பண்ணி, கடைசியில் வெட்டினோம். அந்தச் சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு மூட்டை கொடுத்தார்கள். வேண்டாம் என்று நான் விட்டு வந்திருக்கலாம். கை வழக்கத்துக்கு இரண்டையும் கேரியரில் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் எங்கள் பின்கட்டில் புகை கறுப்பாக வந்தது. பாலியஸ்டர் உருகி ஒழுகும். வியாழக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா அண்டா பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் நேராக வேலூருக்குப் போனோம்.

மூன்றாம் நாள் வார்டில் ஒரு நர்ஸ் வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண். பி.பி. பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர் என்றாள், ஆம்பூர் என்றேன். எங்கே வேலை என்றாள், சொன்னேன். அவள் பட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள்.

"ஏம்மா, குளிக்க வெந்நீர் எதுல வெப்பீங்க?"

பின்னாடி அடுப்புல என்றார்கள் அம்மா.

"அதுல இன்னா போட்டு எரிப்பீங்க?"

"துண்டுத் தோல்தான். இவ வேலை பண்ற எடத்துல சும்மாவே குடுப்பாங்க."

எங்க வீட்லயும் அதான் எரிச்சோம் என்றாள் அந்தப் பெண். வேறு எதுவும் சொல்லாமல் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வந்து எங்கள் சீட்டை எடுத்து, கேஸ் அடுப்பு என்று எழுதியிருந்ததை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு முகமே மாறிப்போனது. தோலைப் பதனிட குரோம் என்று ஒன்று போடுகிறார்கள், அது தோலில் இருக்கிறவரை சாதுவாக இருக்கும், எரித்தால் வேறு விதமாகி விஷமாகிவிடும், புகையிலும் இருக்கும், சாம்பலிலும் இருக்கும் என்று சொன்னார். இதனால் மட்டும்தான் இந்த நிலைமை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனிமேல் ஒரு துண்டுகூட எரிக்கக் கூடாது என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தினமும் குரோம் தோலைத் தடவித் தடவிப் பார்த்தவள் நான். அண்டாவுக்குக் கீழே எரிந்ததும் அதுதான் என்று எனக்கு ஒரு நாள் உறைக்கவில்லை.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் மூன்று கல்லையும் பெயர்த்துப் போட்டேன். வாளியில் முக்கிச் சூடாக்குகிற கரண்ட் ராடு ஒன்று வாங்கி வைத்தேன். மிச்சமிருந்த அரை மூட்டையைத் திரும்ப ஃபேக்டரிக்கே கொண்டுபோய் மேனேஜர் அறை வாசலில் வைத்தேன். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். நிஜமாகவே பதறிப்போனார், அவர் வீட்டு வேலைக்காரம்மாவும் இந்த மூட்டைதான் கொண்டுபோகிறாளாம். இப்போதாவது தைக்கக் கொடுங்கள் என்றேன். கொளுத்தினால் ஆள் சாகிறது, தைத்தால் பை ஆகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மேலே என்பது எங்கே இருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அங்கிருந்து பதில் எதுவும் கீழே வரவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து யாருக்கும் மூட்டை கிடையாது என்று நோட்டீஸ் போட்டார்கள். தொழிலாளர் ஆரோக்கியம் கருதி என்று எழுதியிருந்தது. மூட்டைகள் லாரியில் ஏறின. லாரி பாலாற்று மணலில் கொண்டுபோய்க் கொட்டினது, அங்கே யாரோ தீ வைத்தார்கள். காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாளில் அதே முடி கருகுகிற நாற்றம் வீட்டுக்குள் வந்தது. முன்பு எட்டு அடுப்பில் எரிந்தது இப்போது ஒரே குவியலாக எரிந்தது. அம்மாவை உள்ளே விட்டு ஜன்னலில் ஈரப் புடவையைக் கட்டிவைப்பேன்.

எங்கள் லைனில் இன்னும் சில வீட்டுக்கும் அதே ஃபேக்டரி மூட்டைதான். என்னை யாருக்கும் பிடிக்காமல் போனது. பக்கத்து வீட்டு அக்கா, அம்மாவை அன்றைக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினவர்தான், குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். உங்கம்மாவுக்கு இருமல்னா எங்க அடுப்ப ஏன் அணைக்கிற, விறகுக்கு நீ குடுப்பியா என்றார். நான் குரோம், விஷம் என்று டாக்டர் சொன்னதெல்லாம் சொன்னேன். பத்து வருஷமா எரிக்கிறோம், எங்களுக்கு இன்னா ஆச்சு என்று கேட்டார். கேட்டுவிட்டு இருமினார். அதைச் சொல்லிக் காட்ட எனக்கு மனசு வரவில்லை, திட்டை வாங்கிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நாளில் அவர்கள் வேறு ஃபேக்டரி ஆட்களிடமிருந்து மூட்டை வாங்க ஆரம்பித்தார்கள்.

நான் வேலையை விட்டது அதற்கு அடுத்த வருடம். விட்டு என்ன சாதித்தேன் என்று கேட்டால் ஒன்றுமில்லை. என் இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள். கத்தி நிற்கவில்லை.

வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு செக்கப்புக்கு அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். நுரையீரல் கெட்டது கெட்டதுதான், இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை. அதே டாக்டர்தான். இந்த முறை புதிதாக ஒரு ஃபாரம் வைத்திருந்தார். உங்களைப் போல இன்னும் சிலர் வருகிறார்கள், எல்லாரிடமும் விவரம் கேட்டு எழுதி வைக்கிறேன் என்றார். எத்தனை வருடம் தோல் எரித்தீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தீப் பக்கத்தில் இருப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அம்மா யோசித்து யோசித்துப் பதில் சொன்னார்கள். நாலு மணிக்கு மூட்டுவேன், இவ வர்ற வரைக்கும் சூடு ஆறக் கூடாதுன்னு தள்ளிவிட்டுக்கிட்டே ஒக்காந்திருப்பேன் என்றார்கள். ஒரு நாளைக்கு எத்தனை வாளி வெந்நீர் என்று கேட்டார்.

"ஒரு வாளிதான் சார்."

ரெண்டு பேருக்கும் ஒரே வாளியா என்றார் டாக்டர்.

"எனக்கு எதுக்கு சார் வெந்நீரு? நான் காலைல பச்சத் தண்ணியிலதான் குளிப்பேன். இவளுக்குத்தான். வேலை விட்டு வந்தா தலையெல்லாம் தோல் நாத்தம் அடிக்கும், சூடா ஊத்தினாதான் போவும். கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு."

அத்தனை வருடத்தில் அம்மா எதில் குளிக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. டாக்டர் ஒரு வாளி என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.